முட்டை லாரிப் பந்தயம்

வீட்டில் ஒரே ஒரு விஷயத்திலாவது என் மனைவியை ஜெயித்தே தீருவது என்று நான் சபதம் எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காய்ந்த துணி மடித்துக்கொண்டிருந்தபோது. சபதம் எடுக்க நல்ல நேரம் அது. கை இரண்டும் வேலையாக இருக்கும், வாய் சும்மா இருக்கும், பக்கத்தில் கேட்க ஆளும் இருக்காது.

என் தொழில் கண் பரிசோதனை. கண்ணாடிக் கடையின் பின்பக்கத்து இருட்டறையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் மூக்கில் ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டி, "இது தெளிவா, இல்ல இது தெளிவா" என்று நாள் முழுக்கக் கேட்பேன். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்தவன். என் மனைவி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, இரண்டு குச்சிகளை இப்படியும் அப்படியும் அசைத்து, இருபது டன் பெட்டியைத் தூக்கிக் கப்பலில் வைப்பாள். நாள் முழுக்க எல்லோரையும் மேலேயிருந்து பார்த்துப் பழகியவள். வீட்டுக்கு வந்தாலும் அந்த உயரத்தைக் குறைத்துக்கொள்வதில்லை.

சபதத்துக்குக் காரணம் ஒரு அறை. எங்கள் வீட்டில் கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை இருக்கிறது. கட்டில் போட்டால் கதவு மூடாது, கதவை மூடினால் கட்டில் போட முடியாது, அந்த அளவு. அதில் இஸ்திரி மேஜையும், காற்றிறங்கிய ஒரு சைக்கிளும், யாரோ கொடுத்த ஒரு பெரிய பூச்சாடியும் சகல வசதிகளோடு வாழ்ந்துவந்தன. எனக்குத்தான் இடமில்லை.

"அந்த ரூமை நான் எடுத்துக்கட்டுமா?" என்று எட்டு மாதமாகக் கேட்டுவந்தேன்.

"எதுக்குங்க?"

"சும்மா. எனக்குன்னு ஒரு இடம்."

"பாக்கலாம்."

பார்வைத் தொழிலில் இருக்கிற எனக்கு இந்த 'பாக்கலாம்' நன்றாகவே தெரியும். பார்க்க மாட்டாள் என்று அர்த்தம்.

கெஞ்சிப் பெற முடியாததைப் போட்டியில் ஜெயித்துப் பெறலாம் என்று தோன்றியது. எந்தப் போட்டி? சமையலில் அவளை ஜெயிக்க முடியாது. வாக்குவாதத்தில் ஜெயிக்க இதுவரை யாரும் பிறக்கவில்லை. அவளுக்குச் சுத்தமாகத் தெரியாத ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கும் தெரியாது என்றால்கூடப் பரவாயில்லை, முன்கூட்டியே கற்றுக்கொள்ளலாம்.

அன்று சாயங்காலம் பக்கத்துக் கடைக்காரர் கண் பரிசோதனைக்கு வந்தார். டிவியில் மாட்டி விளையாடுகிற மெஷின்கள் விற்கிறவர். அவர் மூக்கில் சட்டம் ஏறியிருக்கும்போதே கேட்டேன்.

"மெஷின் இல்லாம விளையாட முடியுமா?"

"கன்ட்ரோலர் மட்டும் வாங்கிக்கோங்க சார். ரெண்டு கைக்கும் அடக்கமா, ரெண்டு குச்சி, பத்துப் பதினஞ்சு பட்டன். உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்லயே வேலை செய்யும். வயர்கூட கிடையாது."

"வயர் இல்லாம எப்படி இணைக்கறது?"

"அதுவா இணைஞ்சுக்கும் சார்."

கல்யாணத் தரகர்களும் இதையேதான் சொல்வார்கள். நம்பி வாங்கினேன். சாப்பாட்டுப் பையில், காலி டப்பாவுக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கடத்தி வந்தேன்.

மறுநாள் கடைக்கு விடுமுறை. மனைவிக்குக் காலை ஷிப்ட். வீட்டில் நானும் என் மாமனாரும் மட்டும். மாமனார் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ரயிலுக்குக் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தே முப்பத்தைந்து வருடம் ஓட்டியதால், எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் அவருக்குத் தகவல் போகும் என்று ஒரு தைரியம் எனக்கு. காதும் மந்தம். இரண்டு காதிலும் புதிதாகக் காது மெஷின் வாங்கிப் பொருத்தியிருந்தார். அன்றைக்குக் காலைதான் அதைச் சார்ஜரிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, உள்ளறையில் சாய்ந்திருந்தார்.

கூடத்து மூலையில் இருக்கிற கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். விளையாட்டை முதல் நாளே தேர்ந்தெடுத்து இறக்கி வைத்திருந்தேன். முட்டை லாரி ஓட்டுகிற விளையாட்டு. இருநூறு முட்டைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் வளைந்து வளைந்து போய் அந்தப் பக்கம் இறக்க வேண்டும். பத்து நிமிடத்துக்குள் யார் அதிக முட்டைகளை உடையாமல் சேர்க்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. துப்பாக்கி, ரத்தம் எல்லாம் எனக்கு ஆகாது. துணி மடிக்கிறவனுக்கு முட்டைதான் சரி.

கன்ட்ரோலரின் நடு பட்டனை அழுத்தினேன். ஒரு வெளிச்சம் மெதுவாகக் கண் சிமிட்டியது. கம்ப்யூட்டரில் புளூடூத்தைத் திறந்தேன். அக்கம்பக்கத்தில் இருக்கிற கருவிகளின் பட்டியல் வந்தது. மாடி வீட்டு ஸ்பீக்கர். யார் வீட்டிலோ ஒரு எடை மெஷின். அப்புறம், எழுத்தும் எண்ணுமாகக் கலந்து, வாகன நம்பர் மாதிரி ஒன்று. கன்ட்ரோலர் என்று பச்சையாக எந்தப் பெயரும் இல்லை. சரி, இதுதான் போலிருக்கிறது என்று அந்த நம்பரைத் தட்டினேன்.

இணைக்கப்பட்டது என்று கம்ப்யூட்டர் பணிவாகச் சொன்னது.

விளையாட்டைத் திறந்தேன். லாரி வந்தது. குச்சியைத் தள்ளினேன். லாரி நகரவில்லை. விசைப்பலகையில் ஒன்றைத் தட்டினால் நகர்ந்தது, ஆனால் சத்தமே இல்லை. ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டதோ என்று ஒலியை முழுக்க ஏற்றினேன்.

உள்ளறைக் கதவு திறந்தது. மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாப்பிள்ளை. வீட்டுக்குள்ள லாரி வருது."

"லாரியா மாமா?"

"ஆமா. முதல் கியர்ல ஏறுது." கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். "இப்ப ஏதோ உடைஞ்சுது. நிறைய உடையுது. கோழி கத்துது."

திரையில் என் லாரி பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்தது. நான் அந்த வாகன நம்பரைத் திரும்பப் பார்த்தேன். எதோடு எதை இணைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. உண்மையைச் சொன்னால் கன்ட்ரோலர் வெளியே வரும். கன்ட்ரோலர் வந்தால் சபதம் வெளியே வரும்.

"உங்க காது மெஷின்ல கோளாறு போல மாமா" என்றேன்.

மாமனாருக்குக் காது குத்தின மாப்பிள்ளை இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவர் மெஷினைக் கழற்றினார். முகம் தெளிந்தது. திரும்ப மாட்டினார். முகம் சுருங்கியது. "போட்டா லாரி, எடுத்தா நிம்மதி" என்று சொல்லிவிட்டு, நான் தடுப்பதற்குள் துறைமுகத்துக்குப் போன் போட்டு மகளிடம், காதுக்குள் லாரி ஓடுகிறது என்று தகவல் கொடுத்துவிட்டார்.

நான் அவசர அவசரமாக இணைப்பைத் துண்டிக்கப் பார்த்தேன். எங்கே தட்டினாலும் வேறு ஏதோ திறந்தது. கம்பி இருந்தாலாவது பிடுங்கிப் போடலாம். கம்பியில்லாக் கருவியில் அந்த வசதி இல்லை. எனக்குத்தான் கம்பி நீட்டிவிடலாம் போலிருந்தது.

மனைவி ஷிப்ட் முடிந்ததும் நேரே வந்தாள். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, இப்பவும் கேக்குதா?"

"இப்ப லாரி நின்னுடுச்சு. என்ஜின் மட்டும் ஓடுது."

"காது டாக்டர்கிட்ட நாலரைக்கு நேரம் கேட்டு வாங்கியிருக்கேன். கிளம்புங்க. தலையை ஸ்கேன் எடுக்கணும்னாலும் எடுத்துடலாம்."

ஸ்கேன் என்றதும் மாமனாரின் முகம் வெளுத்தது. என் மனசாட்சியும் லேசாகத் தலை தூக்கியது. அதை உட்கார வைத்துவிட்டேன். அதற்குள் மனைவி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். இரண்டு நொடி பார்த்தாள். இருபது டன் பெட்டி எந்தக் கொக்கியில் தொங்குகிறது என்று மேலேயிருந்து பார்க்கிற அதே பார்வை.

"என்னங்க, அப்பாவோட காது எதுக்கு கம்ப்யூட்டர்ல மாட்டியிருக்கு?"

கேட்டுக்கொண்டே அவள் இரண்டு தட்டில் இணைப்பை எடுத்தாள். மாமனார் பெருமூச்சு விட்டார். "வண்டி போயிடுச்சு" என்றார். பிறகு மனைவி என் முதுகுப் பக்கம் கையை நீட்டினாள். அங்கேதான் கன்ட்ரோலரை மறைத்திருந்தேன். கையும் களவுமாக என்பது கேள்விப்பட்ட வார்த்தை. முதுகும் களவுமாக மாட்டியது நான்தான்.

"இது என்ன?"

"உனக்காகத்தான் வாங்கினேன். குடும்பமா உக்காந்து விளையாடலாம்னு. சொல்லாம வச்சிருந்து அசத்தலாம்னு பார்த்தேன்."

"அசத்திட்டீங்க. அப்பாவை ஸ்கேன் வரைக்கும் கொண்டு போயிட்டீங்க." அதைப் புரட்டிப் பார்த்தாள். "ரெண்டு பட்டனையும் சேர்த்துப் பிடிக்கணும்னு இதோட அடியிலயே எழுதியிருக்கே. படிக்கலையா?"

ஊரில் எல்லோரையும் பொடி எழுத்து படிக்க வைக்கிறவன் நான். படிக்கவில்லை. அவள் இரண்டு பட்டனையும் சேர்த்துப் பிடித்தாள். வெளிச்சம் படபடவென்று சிமிட்டியது. பட்டியலில் கன்ட்ரோலர் தன் சொந்தப் பெயரோடு வந்து நின்றது.

"சரி, எப்படின்னு காட்டுங்க" என்று சோபாவில் உட்கார்ந்தாள்.

காட்டினேன். அவள் ஓட்டினாள். முதல் வளைவிலேயே லாரி மலையை விட்டு வெளியே போனது. இரண்டாவது தடவை பாறையில் மோதியது. மூன்றாவது தடவை கிளம்பவே இல்லை. "இதுல பிரேக் எதுங்க? அச்சச்சோ, பின்னாடி போகுதே" என்று ஒவ்வொன்றையும் என்னிடம் கேட்டாள். எங்கள் வீட்டில் என்னிடம் யாரும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. மூன்று ஆட்டத்திலும் சேர்த்து அவள் வாங்கியது முட்டை. அதாவது, முட்டையே இல்லை.

இதுதான் நேரம் என்று எனக்குத் தோன்றியது.

"ஒரு பந்தயம் வச்சுக்கலாமா?" என்று கேட்டேன், தற்செயலாகத் தோன்றியது மாதிரி. "வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு. நான் ஜெயிச்சா சின்ன ரூம் எனக்கு."

"நான் ஜெயிச்சா?"

"நீ சொல்றதை நான் கேக்கறேன்."

"அது இப்பவே நடக்குதே."

"அதைவிட அதிகமா கேக்கறேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி. என்ன வேணும்னு ஜெயிச்சா சொல்றேன். நான் எங்க ஜெயிக்கப் போறேன்" என்று எழுந்து டீ போடப் போனாள். மாமனார், போட்டிக்குத் தான்தான் நடுவர் என்று அறிவித்தார். பழைய கார்டு விசிலை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டார். காதுக்குள் லாரி ஓட்டியவன் மேல் அவருக்கு எவ்வளவு பாரபட்சம் இருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த பத்து நாள் நான் உழைத்த உழைப்பு கொஞ்சமல்ல. மனைவி ஷிப்டில் இருக்கும் நேரமெல்லாம் லாரிதான். கட்டை விரல் வீங்கியது. கடையில் ஒருவரை இடது கண்ணால் பார்க்கச் சொல்லிவிட்டு நான் வலது பக்கம் வளைந்து உட்கார்ந்திருந்தேன். பத்து நாள் முடிவில் இருநூறில் நூற்றைம்பது முட்டை சேர்க்கிற அளவுக்கு வந்துவிட்டேன். மனைவி ஒரு தடவைகூடத் தொட்டுப் பழகவில்லை. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது, போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் மாமனார் வாய் திறக்கும் வரை.

"மாப்பிள்ளை, அவ இருபது டன் பெட்டியை இறக்கும்போது நான் ஒரு தடவை பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். டீ கிளாஸ் மேல வச்சாகூட உடையாது. நீங்க முட்டையில போட்டி வச்சிருக்கீங்க."

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் வேலையே இரண்டு குச்சி என்பது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. பார்வைக்காரனுக்குக் கண்ணெதிரே இருப்பது தெரியாமல் போனது.

மாடி வீட்டில் ஒரு எலக்ட்ரீஷியன் இருக்கிறார். நேரே அவரிடம் போனேன். பந்தயத்துக்கு இன்னொரு கன்ட்ரோலர் வேண்டும், அவரிடம் பழையது ஒன்று இருக்கிறது என்பது சாக்கு.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க. இதுவும் வயர் இல்லாததுதான். இந்த ரிசீவரை மட்டும் கம்ப்யூட்டர்ல சொருகணும்" என்று நகத்தளவு ஒன்றைக் கொடுத்தார்.

"அண்ணே, ஒரு சந்தேகம். இந்த மாதிரி வயர் இல்லாததுக்கு எதெல்லாம் ஆகாது? தவறிப்போய்க்கூட அதெல்லாம் பக்கத்துல வச்சிடக் கூடாதில்ல, அதுக்காகக் கேக்கறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இரும்பும் தண்ணியும் ஆகாது. ரெண்டும் நடுவுல இருந்தா, நீங்க அமுக்கினது ஒரு நேரம், அது வேலை செய்யறது ஒரு நேரமா இருக்கும். தூரம் கூடினா இன்னும் மோசம். பேட்டரியும் தீர்ந்துபோற நிலைமையில இருந்தா கேக்கவே வேணாம்." கொஞ்சம் நிறுத்தி, "யாருக்கு சார் வைக்கறீங்க?" என்றார்.

"யாருக்கும் இல்ல. பொது அறிவுக்காக."

"வீட்டம்மாவுக்கா? பாத்து சார்."

சனிக்கிழமை பகலில் பொது அறிவைச் செயலில் இறக்கினேன். கம்ப்யூட்டர் பெட்டியை மேஜைக்குப் பக்கத்தில் இருந்த இரும்பு பீரோவின் கீழ்த் தட்டில் தள்ளினேன். தூசி படாமல் இருக்க என்று காரணம் தயாராக இருந்தது. ரிசீவரைப் பெட்டியின் பின்பக்கம், சுவரைப் பார்த்துச் சொருகினேன். பீரோவுக்கு முன்னால் ஒரு பெரிய வாளி நிறையத் தண்ணீர். சோபாவைக் கூடத்தின் எதிர்க் கோடி வரை இழுத்துப் போட்டேன். எனக்கு நாற்காலி, கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே. என் புதுக் கன்ட்ரோலரைச் சார்ஜ் கேபிளாலேயே கம்ப்யூட்டரில் மாட்டினேன். கம்பி போட்டால் அதற்குத் தாமதமே கிடையாது. வயர் இல்லாதது என்று ஆசையாக வாங்கிவிட்டு அதற்கு வயர் மாட்டினவன் நான்தான்.

சோபாவில் உட்கார்ந்து பழைய கன்ட்ரோலரைச் சோதித்தேன். குச்சியை இடது பக்கம் தள்ளினேன். லாரி நேராகப் போனது. யோசித்தது. அப்புறம் இடது பக்கம் திரும்பியது. சரியாக அரை நொடி. அதற்குள் பாதை வலது பக்கம் போயிருந்தது. நானே ஓட்டி நானே ஆறு தடவை பள்ளத்தில் விழுந்தேன். மனதுக்கு அப்படி ஒரு நிறைவு.

ஞாயிறு மதியம் எல்லோரும் கூடினோம். மாமனார் நடுவில், விசிலோடு. மனைவி சோபாவுக்குப் போகிற வழியில் நின்றாள்.

"இந்த வாளி எதுக்குங்க?"

"ரொம்ப நேரம் திரையைப் பாக்கறோம் இல்ல. காத்துல ஈரம் இருந்தா கண்ணு வறண்டு போகாது."

"கண்ணுக்காரரே சொன்னா சரிதான்" என்று உட்கார்ந்தாள்.

விசில் ஒலித்தது. திரை இரண்டாகப் பிரிந்தது. மேலே என் லாரி, கீழே அவள் லாரி. நான் கிளம்பினேன். அவள் லாரி கிளம்பி, ஒரு முழம் போய், ஓரத்துக் கல்லில் இடித்து நின்றது. நான்கைந்து முட்டை போனது. நான் உள்ளுக்குள் சிரித்தேன்.

அவள் உடனே ஓட்டவில்லை. நின்ற இடத்திலேயே குச்சியை லேசாக இடது பக்கம் தள்ளினாள். காத்திருந்தாள். சக்கரம் திரும்பியது. வலது பக்கம் தள்ளினாள். காத்திருந்தாள். சக்கரம் திரும்பியது. உதட்டுக்குள் ஏதோ எண்ணினாள். பிறகு கிளம்பினாள்.

நான் மூன்றாவது வளைவில் இருந்தபோது கீழே எட்டிப் பார்த்தேன். பாதை இன்னும் நேராகத்தான் இருந்தது. ஆனால் அவள் விரல் அதற்குள் திரும்பியிருந்தது. வளைவு வந்தது. லாரியும் சரியாக அப்போதுதான் வளைந்தது. மேடு வருவதற்கு முன்பே பிரேக்கை விட்டாள், பள்ளம் வருவதற்கு முன்பே பிடித்தாள். வேகமே இல்லை. ஆனால் எங்கேயும் ஆட்டமும் இல்லை. தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்குகிற மாதிரி போனது அந்த லாரி. அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நான் ஒரு பாறையை மறந்துவிட்டேன்.

முடிவில் எனக்கு நூற்று நாற்பது. அவளுக்கு நூற்று எண்பத்தொன்று.

"மகள் வெற்றி" என்று நடுவர் ஊதினார். நடுநிலைமை அவ்வளவு பளிச்சென்று தெரிந்தது.

"மூணுல ரெண்டு ஜெயிக்கணும். அதுதான் முறை" என்றேன்.

"எந்த முறை?" என்றார் மாமனார்.

"உலக முறை."

மனைவி எழுந்து வந்தாள். "பரவாயில்லப்பா, ஆடட்டும். பாவம், அவருக்கு அந்த வயர் இடைஞ்சலா இருந்திருக்கும். அதான் கை வரலை." என் கையிலிருந்த கன்ட்ரோலரை மெதுவாக வாங்கிக்கொண்டு, தன் கையில் இருந்ததை என் கையில் வைத்தாள். "என்னுதை வச்சுக்கோங்க. நல்லா ஓடுது. சோபாவுல வசதியா உக்காருங்க."

நான் அந்தக் கன்ட்ரோலரைப் பார்த்தேன். வாளியைப் பார்த்தேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் வாளி வெளியே வரும்.

"என்ன யோசிக்கறீங்க? அது சரியில்லையா?"

"சேச்சே. அருமையா இருக்கு."

தூக்குமேடைக்குப் போகிறவன் மாதிரி சோபாவுக்கு நடந்தேன். அடுத்து நடந்ததை விரிவாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. முதல் வளைவில் இடது பக்கம் தள்ளினேன், லாரி யோசித்தது. பயந்து வலது பக்கம் தள்ளினேன், அது அப்போதுதான் இடது பக்கம் திரும்பியது. நான் சொன்னதையெல்லாம் அது செய்தது, ஆனால் அதன் வசதிப்படி. பேட்டரியும் பாதி வழியில் உயிரை விட்டது. இருநூறு முட்டையும் மலைச்சரிவில் மஞ்சளாக வழிந்தன. கணக்குப் பரீட்சைக்குப் பிறகு என் வாழ்க்கையில் நான் வாங்கிய சுத்தமான முட்டை அதுதான். மனைவிக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு. விசில் சத்தம் மாடி வீடு வரை கேட்டிருக்கும்.

"சரி, சொல்லு" என்றேன். "உனக்கு என்ன வேணும்?"

அவள் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டாள். குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டது.

"துறைமுகத்துல கிரேனையெல்லாம் மாத்தறாங்க. இனிமே மேலே ஏற வேண்டாம். ஆபீஸ்ல உக்காந்து, திரையைப் பாத்து, இதே மாதிரி குச்சியில ஓட்டணும். நாற்பது பேர் இருக்கோம். பன்னெண்டு பேருக்குத்தான் அந்த வேலை. மத்தவங்களைக் கிடங்குக்கு அனுப்பிடுவாங்க. மூணு வாரத்துல தேர்வு. கேமரா படம் வந்து சேர கொஞ்சம் நேரம் ஆகுமாம். குச்சியைத் தள்ளினப்புறம் தாமதமாத்தான் நகரும். எங்க பழகறதுன்னு தெரியாம பயந்துக்கிட்டே இருந்தேன். உங்ககிட்ட ரெண்டு தடவை சொன்னேன். நீங்க துணி மடிச்சுக்கிட்டே 'ம்' சொன்னீங்க."

எனக்கு அந்த 'ம்' நினைவிருந்தது. எதற்கு 'ம்' என்பதுதான் நினைவில்லை. பத்து மாடி உயரத்தில் எதற்கும் கலங்காதவள், இத்தனை நாளும் என் பக்கத்திலேயே பயந்துகொண்டு இருந்திருக்கிறாள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"அதனால" என்று தொடர்ந்தாள், "சின்ன ரூமைக் காலி பண்ணிக் கொடுங்க. தேர்வு வரைக்கும் தினம் ஒரு மணி நேரம் நான் பழகணும். கம்ப்யூட்டர் பெட்டியை பீரோவுல இருந்து எடுக்க வேணாம், பீரோவோட தள்ளிக் கொண்டு வாங்க. ரிசீவர் சுவத்துப் பக்கமே இருக்கட்டும். வாளியில தண்ணி குறைஞ்சா ஊத்துங்க."

நான் தரையைப் பார்த்தேன். "எப்ப தெரியும் உனக்கு?"

"நேத்து மாடி வீட்டு அண்ணன் படியில பாத்து, 'உங்க வீட்டுல இரும்பும் தண்ணியும் ஜாக்கிரதை'ன்னு சொன்னார்."

"அப்போ அன்னைக்கு, முதல் நாள், பிரேக் எதுன்னு கேட்டியே?"

"நீங்க சொல்லித் தரும்போது உங்க முகம் அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

சைக்கிளையும் பூச்சாடியையும் நானே வெளியேற்றினேன். பூச்சாடிக்குக் கூடத்தில் இடம் கிடைத்தது. பீரோவைத் தள்ளியதில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் கதவு மூடும். உள்ளே அவள் லாரி ஓட்டுவாள். நான் வாசலில் உட்கார்ந்து துணி மடிப்பேன். நடுநடுவே உள்ளேயிருந்து உத்தரவு வரும்.

"என்னங்க, இன்னும் கொஞ்சம் தாமதம் வேணும். ஒரு குடம் சேர்த்து வைங்க."

வைப்பேன். குடம், அண்டா, இரும்புத் தட்டு, கடைசியில் மாமனாரின் பழைய ரயில்வே டிரங்குப் பெட்டி. என் திறமையெல்லாம் அந்த மூன்று வாரத்தில்தான் வெளிப்பட்டது. அரை நொடியை முக்கால் நொடியாக்கினேன், முக்காலை ஒன்றாக்கினேன். அவள் அதிலும் நூற்றுத் தொண்ணூறுக்குக் குறையவில்லை. தேர்வு நாள் காலையில் அவள் சாப்பிடாமல் கிளம்பினாள். நான் கடையில் ஒருவருக்குக்கூட ஒழுங்காகப் பவர் பார்க்கவில்லை. மூன்று மணிக்குப் போன் வந்தது. பன்னிரண்டு பேரில் அவள் முதலிடம். சாயங்காலம் வீட்டில் மாமனார் விசிலை எடுத்தார். அன்றைக்கு நானும் ஒரு தடவை வாங்கி ஊதினேன்.

அடுத்த வாரம், தேர்வானவர்களின் குடும்பங்களுக்குப் புதிய கட்டுப்பாட்டு அறையைக் காட்டினார்கள். நான் இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். வரிசையாகத் திரைகள், வரிசையாகக் குச்சிகள். தேர்வு நடத்திய பயிற்சி அதிகாரி எங்களிடம் வந்தார். கண்ணாடி போட்ட அம்மையார். பவர் கொஞ்சம் தப்பு என்று பார்த்தவுடனே தெரிந்தது. சொல்லவில்லை. அன்று நான் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டிய நாள்.

"உங்க வீட்டம்மா மாதிரி நான் பார்த்ததே இல்ல சார்" என்றார் என்னிடம். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "நாற்பது பேருமே கிரேன்ல ஊறினவங்கதான். ஆனா தாமதம்னு வந்ததும் எல்லாரும் பதறிட்டாங்க. குச்சியைத் தள்ளினா உடனே நகரலையேன்னு இன்னும் தள்ளி, இன்னும் கெடுத்துக்கிட்டாங்க. நீங்க மட்டும் அது நகர்ற வரைக்கும் அவ்வளவு பொறுமையா இருந்தீங்க. வீட்டுல யாராவது பயிற்சி கொடுத்தாங்களா?"

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு அடி முன்னால் வந்து நின்றேன்.

மனைவி என்னைப் பெருமையோடு பார்த்தாள். என் தோளில் கை வைத்தாள்.

"இவர்தான் மேடம். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, ஒரு வேலை சொன்னா இவர் நகர்றதுக்கு ஆகற நேரத்தைப் பாத்தா, உங்க கிரேன் ரொம்ப வேகம்."